மச்சுக்கு மேலே வௌவால்கள்: குட்டிகள் பறக்கும்வரை காத்திருந்த ஒரு வீடு

## பின்னணி

பழைய வீடு. கீழும் மேலுமாக இரண்டு தளம், அதற்கு மேல் சரிவான ஓட்டுக்கூரை. கூரைக்கும் மேல்தள அறைகளின் பலகை மச்சுக்கும் நடுவே ஓர் ஆள் குனிந்து நடக்கும் அளவுக்கு இடம் உண்டு. மாடிப்படி முடியும் இடத்தில் அதற்குள் ஏற ஒரு சதுரக் கதவு இருக்கிறது. பல வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லை.

வீட்டில் ஒரு தம்பதி, இரண்டு குழந்தைகள், கணவரின் தாயார். மேலே வௌவால் இருப்பது தாயாருக்கு முன்பே தெரியும். பொழுது சாய்ந்தால் போகும், விடிவதற்குள் வந்துவிடும், நம்மை என்ன செய்கிறது என்பதே அவர் நிலை. மற்றவர்களுக்கு அது தொந்தரவாக மாறியது வாடையால்தான். மேல்தள அறைகளில் மூத்திர நெடி தங்கிப்போனது. மச்சுப் பலகையில் ஓரிடத்தில் பழுப்புக் கறை விரிந்தது. வெளிச்சுவரில் தினமும் புதிதாகக் கறுப்பு எச்சம் ஒட்டியிருந்தது. போதாததற்கு நிபா பற்றிய செய்திகள். குழந்தைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மருமகள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் பயம் தப்பான இடத்தில் இருந்தது. 1998-99இல் மலேசியாவில் முதலில் அறியப்பட்ட நிபா வைரஸின் இயற்கை இருப்பிடம் பெரிய பழந்தின்னி வௌவால்கள். அவை திறந்தவெளியில், உயர்ந்த மரங்களில் தொங்குபவை. ஓட்டு இடுக்கிலும் மச்சின் மேலும் ஒண்டுபவை பெரும்பாலும் பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். இவற்றால் கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு. ஒன்று ரேபிஸ் எனும் வெறிநோய், மற்றொன்று காய்ந்த எச்சத் தூசியில் வளரக்கூடிய ஒரு பூஞ்சை. இரண்டைப் பற்றியும் அந்த வீட்டில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

வீடுகளுக்குள் வரும் காட்டு உயிர்களை அப்புறப்படுத்த உதவும் தன்னார்வலர்கள் நாங்கள் இருவர். எங்களைக் கூப்பிடும் முன் குடும்பம் சில வழிகளை முயன்றிருந்தது. சதுரக் கதவை லேசாகத் திறந்து கைநிறைய நாப்தலின் உருண்டைகளை உள்ளே எறிந்தார்கள். வௌவால் அசையவில்லை. கீழே படுத்தவர்களுக்குத்தான் தலைவலி. அப்புறம் மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை எழுப்பும் கருவி ஒன்று வாங்கி மாட்டினார்கள். அதனாலும் பயனில்லை. இந்தக் கருவிகளை விற்பவர்கள் சொல்வதற்கும் மச்சுக்கு மேல் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பது எங்கள் அனுபவம். இரவெல்லாம் விளக்கு எரியவிட்டபோது வௌவால்கள் வெளிச்சம் படாத மூலைக்கு நகர்ந்துகொண்டன. கடைசியில் ஒரு வேலையாள் வந்து, கூரையின் முக்கோணச் சுவர் உச்சியில் இருந்த பெரிய இடுக்கைப் பார்த்து, வழி இதுதான் என்று பட்டப்பகலில், உப்பி இறுகும் ஃபோம் அடித்து மூடிவிட்டுப் போனார்.

## இடுக்கை மூடிய இரவு

பகலில் மூடினால் வௌவால் எல்லாம் உள்ளேதான் இருக்கும். இருட்டியதும் மச்சுக்கு மேல் படபடப்பு தொடங்கியது. வழக்கமான வழி அடைபட்டதால் அவை வெளிச்சமும் காற்றும் கசிகிற எந்த இடுக்கையும் விடாமல் தேடின. மின்விளக்கு மாட்டிய துளையின் ஓரம், பலகைகளுக்கு நடுவே விரிசல், சுவரை ஒட்டிய இடைவெளி என்று எல்லாமே வழியாகின. நள்ளிரவுக்குள் மேல்தள அறைகளில் நாலைந்து வௌவால்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கணவர் துண்டை வீசி விரட்டப் பார்த்தார். பிறகு எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தார்கள். சில வெளியேறின.

காலையில்தான் முக்கியமான விஷயம் தெரிந்தது. சின்னக் குழந்தை அன்று மேல் அறையிலேயே தூங்கிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்துத் திரைச்சீலையில் ஒரு வௌவால் தொங்கிக்கொண்டிருந்தது. தந்தை அதைத் துணியால் பிடித்து ஜன்னல் வழியே விட்டுவிட்டார். அதன்பிறகே ஒரு நண்பர் மூலம் எங்களுக்கு அழைப்பு வந்தது.

தொலைபேசியிலேயே சொன்ன முதல் விஷயம் வௌவாலைப் பற்றியதே அல்ல. குழந்தையை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள் என்பதுதான். பெரும்பாலான வௌவால்களுக்கு ரேபிஸ் இருப்பதில்லை. ஆனால் இருந்து கடித்துவிட்டால், நோய்க்குறி தெரிந்த பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. சின்ன வௌவாலின் பல் ஊசிமுனை போல நுண்ணியது. கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையால் என்ன நடந்தது என்று சொல்லவும் முடியாது. அதனால் இப்படிப்பட்ட நேரத்தில் "காயம் ஒன்றும் இல்லையே" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. வௌவால் கடித்தாலோ கீறினாலோ உலக சுகாதார நிறுவனம் அதை மூன்றாம் வகைத் தொடர்பாகவே, அதாவது உயர்ந்த ஆபத்து வகையாகவே கணக்கிடுகிறது. கடி தெரிந்தால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு தடுப்பூசி. மருத்துவர் குழந்தைக்கும், வௌவாலை வெறும் துணியால் பிடித்த தந்தைக்கும் ஊசித் தொடரை அன்றே தொடங்கினார். பிடித்த வௌவால் கையில் இருந்திருந்தால், வசதியுள்ள ஆய்வகத்தில் அதைச் சோதித்து முடிவெடுத்திருக்கலாம். அது பறந்துவிட்டதால் அந்த வாய்ப்பு இல்லாமல் போயிற்று.

இரண்டாவதாகச் சொன்னது: ஃபோமை இன்றே எடுக்க வேண்டும், ஆனால் பகலில் அல்ல. பகலில் வெட்டினால் கலைந்து வெளியே பறப்பவற்றைக் காகமும் பருந்தும் தூக்கிவிடும். பொழுது மங்கத் தொடங்கும்போது ஏணி வைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வழியைத் திறந்தோம். ஃபோமில் ஒரு வௌவாலின் இறக்கை ஒட்டி அது இறந்திருந்தது. மற்றவை இருட்டியதும் வெளியே போயின.

குடும்பத்துக்கு இது விசித்திரமாகப் பட்டது. வௌவாலை விரட்டக் கூப்பிட்டவர்கள் வந்து, அடைத்த வழியைத் திறந்துவிட்டுப் போகிறார்களே என்று.

## கவனித்தவை

அடுத்து வந்த மாலைகளில் வீட்டின் நான்கு பக்கமும் ஆள் நிறுத்திப் பார்த்தோம். வானம் பின்னணியில் இருக்கும்படி நாற்காலி போட்டு, கூரையின் விளிம்பில் கண் வைத்து, வெளியே வருவதை எண்ண வேண்டும். பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் தொடங்கி முக்கால் மணி நேரத்துக்குள் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். ஏறத்தாழ எழுபது எண்ணினோம். இது குறைந்தபட்சக் கணக்கு. மங்கிய வெளிச்சத்தில் ஒட்டிக்கொண்டு வரும் இரண்டை ஒன்றாக எண்ணுவது சகஜம்.

வழி ஒன்றல்ல, மூன்று. முக்கோணச் சுவர் உச்சியில் இருந்தது பெரியது. மற்ற இரண்டும் கீழிருந்து பார்த்தால் இடுக்கு என்றே தெரியாதவை. ஓட்டுக்கூரையின் ஓரப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து ஒன்று, உடைந்த முகட்டு ஓட்டின் கீழே இன்னொன்று. சின்ன வகை வௌவாலுக்கு ஒன்றரை செ.மீ. இடைவெளி போதும். பகலில் போய்ப் பார்த்தபோது மூன்று இடத்திலும் ஒரே அடையாளம் இருந்தது. தினமும் உடம்பு உரசி உரசி, இடுக்கின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கான பழுப்புக் கறை. அதற்கு நேர் கீழே சுவரில் எச்சம்.

எச்சத்தை எலியுடையது என்று நினைத்து அதற்கு வேறு மருந்து வைக்கிறவர்கள் உண்டு. பிரித்தறிவது சுலபம். காய்ந்த எச்சத்தைக் குச்சியால் அழுத்தினால் வௌவாலுடையது பொடிந்து, பூச்சிகளின் இறக்கையும் ஓடும் மினுமினுக்கும். எலிப்புழுக்கை கெட்டியாக இருக்கும், அப்படி உதிராது. வௌவால் கூடு கட்டாது, மரத்தையும் மின்கம்பியையும் கடிக்காது. இந்த வீட்டில் கம்பி கடிபட்டிருந்ததாகக் குடும்பம் சொன்னதைத் தனியாகத் தேடியபோது எலி வளையும் இருந்தது. அது வேறு கதை.

சதுரக் கதவைத் திறந்து பார்த்தது ஒரே முறை, அதுவும் சில நிமிடம் மட்டும். கைவிளக்கின் மேல் சிவப்புத் துணி கட்டி, முகக்கவசமும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தோம். முகட்டு விட்டத்தை ஒட்டிக் கொத்தாக வௌவால்கள். அவற்றுக்கு நடுவே, முடி முளைக்காத வெளிர்சிவப்புக் குட்டிகள். எல்லா முடிவுகளையும் அந்தக் காட்சிதான் தீர்மானித்தது. இது தாய்மார்கள் கூடிக் குட்டி வளர்க்கும் இடம். இந்தச் சின்ன வௌவால்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். தாய் இரவில் இரைதேடப் போகும்போது குட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். வழக்கமாகச் செய்வதுபோல, எல்லாம் வெளியே போன பிறகு இரவில் இடுக்கை மூடியிருந்தால் தாய்கள் வெளியேயும் குட்டிகள் உள்ளேயும் சிக்கியிருக்கும். பாலில்லாமல் குட்டிகள் மச்சின் மேலேயே செத்து அழுகும். தாய்கள் உள்ளே நுழைய எந்த வழி கிடைத்தாலும் வரும், படுக்கையறை வழியாகவும்கூட.

## எடுத்த முடிவும் அதன் காரணமும்

எதிரே இருந்த வழிகள் பல. பூச்சி ஒழிப்பு வேலை செய்யும் ஒருவர் மருந்து புகையடித்து ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். மருந்து பட்ட வௌவால் உடனே சாகாது. பறக்க முடியாமல் தரையிலும் தோட்டத்திலும் விழும், குழந்தைகளும் பூனைகளும் தொடும். ரேபிஸ் பயத்தால் கொல்ல நினைப்பவர்கள், மனிதர் கை வௌவால் மேல் படும் வாய்ப்பைக் கூட்டிக்கொள்கிறார்கள். அதோடு இடுக்கு திறந்தே இருப்பதால் அடுத்த கூட்டம் வரும்.

பிடித்து எங்காவது தொலைவில் கொண்டுபோய் விடலாமே என்று கணவர் கேட்டார். வௌவாலிடம் அது செல்லாது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1991இல் தன் விளையாட்டரங்கத்து வௌவால்களுக்காகப் பெரிய மரவீடு ஒன்றைக் கட்டி, அவற்றைப் பிடித்துக் கொண்டுபோய் அதில் விட்டது. அவை அங்கே தங்காமல் வெளியேறிவிட்டன. சில வருடம் காலியாகக் கிடந்த பிறகு, 1995இல்தான் அவை தாமாக வந்து குடியேறின. அதே வளாகத்துக்குள் மாற்றியதற்கே இப்படி என்றால், வண்டியில் ஏற்றி விட்டுவருவதால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. இது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி, வௌவால் தங்கும் இடத்தின் வழியை அடைப்பதே குற்றம், அப்போது உள்ளே ஒன்றுகூட இல்லாவிட்டாலும். வேறு சில நாடுகளில் சில இனங்களுக்கு மட்டும் பாதுகாப்பு. அதனால் எதையும் தொடும் முன் உள்ளூர் வனவிலங்குத் துறையிடம் கேட்டோம். குட்டிகள் பறக்கும்வரை எதுவும் செய்யக் கூடாது, பிறகு வெளியேற்றலாம் என்பதே அவர்கள் பதிலும்.

ஆக, முடிவு இது. வௌவால்களை வெளியேற்றுவோம், இப்போது அல்ல. அதுவரை வீட்டுக்காரர்களுக்கும் வௌவால்களுக்கும் நடுவே உள்ள தடுப்பைப் பலப்படுத்துவோம்.

எத்தனை நாள் என்பதுதான் குடும்பத்தின் கேள்வி. குட்டிகள் பறக்க, இனத்தைப் பொறுத்து மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். தாமே இரை பிடித்துப் பழக இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். வடக்கே குளிர் நாடுகளில் மே முதல் ஆகஸ்ட் வரை வழியை அடைக்கக் கூடாது என்று நாட்காட்டி பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். வெப்பமான இடங்களில் இனத்துக்கு இனம் குட்டி போடும் காலம் வேறுபடும். சில இனங்கள் வருடத்தில் இரண்டு முறையும் போடும். இணையத்தில் படித்த மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். இந்த வீட்டில் நாங்கள் தேதி குறிக்கவில்லை, அடையாளத்தைக் குறித்தோம். பொழுதுசாயும் எண்ணிக்கை ஏறி நிலைக்க வேண்டும், பிறகு இரவில் எட்டிப் பார்த்தால் பறக்காத குட்டி ஒன்றும் இருக்கக் கூடாது.

மருமகள் இதை லேசில் ஏற்கவில்லை. தன் குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது வௌவால் குட்டிக்காகக் காத்திருக்கச் சொல்வது அவருக்குக் கொடுமையாக இருந்தது. அதை மறுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அவரைச் சம்மதிக்க வைத்தது இரக்கப் பேச்சு அல்ல. இப்போதே மூடினால் அந்த இரவு திரும்பவும் நடக்கும் என்பதுதான். "அவ சொல்றதும் சரிதான் தம்பி, முதல்ல புள்ளைங்களைக் கீழ படுக்க வைங்க, மத்ததை அப்புறம் பேசலாம்" என்று தாயார் முடித்துவைத்தார். குழந்தைகளின் படுக்கை அன்றே கீழ்தளத்துக்கு வந்தது.

## காத்திருந்த காலம்

இந்தக் காலத்தில் நடந்த முக்கியமான வேலை உள்பக்கம்தான். மேல்தள அறைகளின் விளக்கை அணைத்துவிட்டு, மச்சுக்கு மேலிருந்து அறைக்குள் எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பகலில் பார்த்தோம். விளக்குத் துளைகளைச் சுற்றித் தகட்டு வளையம், பலகை விரிசல்களுக்கு மரப்பட்டி, சுவரோர இடைவெளிக்குச் சுண்ணாம்புக் கலவை, சதுரக் கதவின் விளிம்புக்கு ரப்பர் பட்டை. கதவுகளின் அடியில் இருந்த சந்துக்கும் பட்டை வைத்தோம். இதற்குப் பிறகு ஒரு வௌவால்கூட அறைக்குள் வரவில்லை. வௌவால்கள் மேலே இருக்கும்போதே மருமகளால் மறுபடி மேல்தளத்தில் தூங்க முடிந்தது. வீட்டுக்குள் வௌவால் வருகிறது என்று அழைப்பவர்களில் பலருக்கு இந்த உள்வேலையே போதும், வெளியேற்றம்கூடத் தேவைப்படாது என்பது என் கருத்து.

எல்லாருக்கும் ஒரு நடைமுறை சொல்லிவைத்தோம். அறைக்குள் வௌவால் வந்தால் உள்கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, வெளி ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். தானே போய்விடும். அது மனிதர் தலைமுடியில் சிக்கும் என்பது வீண்பயம். இருட்டில் ஒலியை வைத்தே கொசுவின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கிற பிராணி அது. ஆனால் அந்த அறையில் யாராவது தூங்கியிருந்தாலோ, பேசத் தெரியாத குழந்தை தனியாக இருந்திருந்தாலோ, ஜன்னலைத் திறக்கவே கூடாது. கதவை மட்டும் சாத்திவிட்டு முதலில் மருத்துவரிடமும் சுகாதாரத் துறையிடமும் கேட்க வேண்டும்.

காத்திருந்தபோது இரண்டு குட்டிகள் வெளித்திண்ணையில் விழுந்தன. தரையிலிருந்து எழும்பிப் பறப்பது பல வௌவால்களுக்குச் சிரமம், குட்டிக்கு எப்படியும் வராது. கையுறையோடு எடுத்து, அட்டைப்பெட்டியில் சொரசொரப்பான துணி விரித்து வைத்து, பொழுதுசாய அந்தத் துணியை வழிக்குப் பக்கத்துச் சுவரில் உயரத்தில் தொங்கவிட்டோம். பூனைகளை அடைத்துவைக்கச் சொன்னோம். ஒன்றைத் தாய் வந்து மார்போடு ஒட்டவைத்துத் தூக்கிப்போனது. மற்றது விடியும்முன் இறந்துவிட்டது. பால் கொடுத்துப் பிழைக்கவைக்கலாமா என்று பெரிய குழந்தை கேட்டது. பயிற்சியும் தடுப்பூசியும் உள்ள மீட்பு மையம் பக்கத்தில் இருந்தால் ஒப்படைக்கலாம், வீட்டில் வைத்து வளர்க்கிற வேலை அல்ல.

இதே காலத்தில் வெளிச்சுவரில் ஒரு வௌவால் பெட்டி மாட்டினோம். உள்ளே சொரசொரப்பான மரப்பலகை, இரண்டு செ.மீ. அகலமுள்ள அறைகள், கீழே திறப்பு, இறங்கி ஏற ஒரு பலகை நீட்டம். தரையிலிருந்து நாலு மீட்டருக்கு மேலே, எதிரே கிளை மறைக்காத இடம். பெட்டிக்குள் வெயில் ஏறி 40 டிகிரியைத் தாண்டினால் குட்டிகளுக்கு ஆபத்து என்பதால், உச்சி வெயில் படாத சுவரைத் தேர்ந்தோம்.

## வெளியேற்றம்

மாலை எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறி, நூற்றிருபதை ஒட்டி நின்றது. புதிதாக வருபவை குட்டிகள் என்பது பறப்பதிலேயே தெரிந்தது. தடுமாறி, கூரையையே சுற்றிச் சுற்றி வந்தன. அந்தத் தடுமாற்றம் அடங்கும்வரை பொறுத்தோம். பிறகு ஓர் இரவு, எல்லாம் வெளியே போன நேரத்தில் எட்டிப் பார்த்தபோது மேலே குட்டி எதுவும் இல்லை.

முதல் வேலை, மூன்று முக்கிய வழிகளைத் தவிர மற்ற எல்லா இடுக்குகளையும் மூடுவது. வௌவால் இப்போது பயன்படுத்தாத சந்துகளும் இதில் சேரும். இல்லாவிட்டால் ஒரு வழி அடைபட்டதும் பக்கத்து இடுக்கைப் பிடித்துக்கொள்ளும். கூரைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் சிமெண்ட் பூசவில்லை. காற்றுத் துளைகளுக்கு நெருக்கமான கம்பிவலை போட்டோம்.

பிறகு வழிகளில் ஒருவழிப்பாதை. ஓரப் பலகைச் சந்துக்கும் முகட்டு ஓட்டுக்கும் வலை. கண் 4 மி.மீ.க்கு மேல் இல்லாத மென்மையான நைலான் வலையை, இடுக்கின் மேலும் இரு பக்கமும் இறுக்கி, கீழே மட்டும் திறந்து, அரை மீட்டருக்கு மேல் தொங்கவிட வேண்டும். வெளியே வரும் வௌவால் வலைக்கும் சுவருக்கும் நடுவே கீழே ஊர்ந்து வெளியேறிவிடும். திரும்பி வரும்போது அது நேராக இடுக்கின் வாயிலுக்கே வந்து இறங்கும். அங்கே வலை. கீழே போய் நுழைய வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. முக்கோணச் சுவர் உச்சியில் வலையை இறுக்க இடமில்லாததால் குழாய் வைத்தோம். 5 செ.மீ. விட்டம், 25 செ.மீ. நீளம், உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக். வெளிமுனை சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். வெளியே வழுக்கி வரலாம், பிடித்து ஏற முடியாது.

ஒரு வாரம் வைத்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் மழை இரவுகளில் வௌவால்கள் இரைக்குப் போகாமல் உள்ளேயே இருந்துவிடும். அந்த இரவுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இங்கே நடுவில் மழை பிடித்துக்கொண்டது. மழையில்லாத இரவுகள் ஏழு சேரும்வரை வலையை அப்படியே விட்டோம். இரண்டாம் நாள் மாலை பார்த்தபோது முகட்டு வலையின் ஒரு பக்கம் காற்றில் தளர்ந்து, ஒன்றிரண்டு அதன் வழியே திரும்ப நுழைவது தெரிந்தது. அன்றே ஏறி இறுக்கினோம். வலை மாட்டிவிட்டு வாரம் கழித்து வந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

எண்ணிக்கை பூஜ்யமான பிறகும் உடனே மூடவில்லை. மச்சின் மேல் வெள்ளைக் காகிதம் விரித்து, புதிய எச்சம் விழுகிறதா என்று பார்த்தோம். ஒரு மூலையில் மட்டும் விழுந்திருந்தது. இரண்டு வௌவால்கள் தங்கிவிட்டிருந்தன. அவையும் போன பிறகே மூன்று வழிகளையும் கம்பிவலையும் சிமெண்டும் வைத்து நிரந்தரமாக மூடினோம்.

## சுத்தம்

பலரும் அலட்சியமாகச் செய்வது இதைத்தான். விளக்குமாறு எடுத்துப் பெருக்கினால் தூசி கிளம்பும். அந்தத் தூசியில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையின் வித்துக்கள் இருக்கலாம். அவை நுரையீரலைத் தாக்கும். சாதாரணத் தூசி உறிஞ்சியும் அதே தூசியை அறைக்குள் ஊதும். எச்சத்தின் மேல் சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளித்து ஊறவிட்டு, ஈரமாகவே தட்டு மண்வெட்டியால் அள்ளி, இரட்டைப் பையில் கட்டினோம். என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, கழற்றித் துவைக்கக்கூடிய மேலங்கி போட்டிருந்தோம். ஆஸ்துமா இருந்த தாயாரை அன்று வேறு வீட்டில் இருக்கச் சொன்னோம். கறை பிடித்த மச்சுப் பலகைகள் சிலவற்றை மாற்ற வேண்டியிருந்தது. நல்ல உரம் என்று கணவர் ஆசைப்பட்டார். உரம்தான், ஆனால் காயவைத்துப் பொடித்துத் தூவினால் மேலே தவிர்த்த தூசியைத் தோட்டத்தில் கிளப்புவதாகிவிடும் என்று ஆழக் குழிதோண்டிப் புதைத்தோம்.

## பிறகு நடந்தது

வழி மூடிய பின்னும் சில மாலைகள் வௌவால்கள் பழைய இடத்தைச் சுற்றின. சின்ன உடம்பானாலும் நீண்ட ஆயுள் கொண்டவை அவை. சைபீரியாவில் அடையாள வளையமிட்ட, பிராண்ட் என்ற இனத்து வௌவால் ஒன்று 41 வருடம் கழித்து உயிரோடு பிடிபட்டிருக்கிறது. வருடக்கணக்காகப் பிறந்து வளர்ந்த இடத்தை ஒரு வாரத்தில் மறந்துவிடாது. பெட்டியில் ஒன்றும் குடியேறவில்லை. அவை எங்கே போயின என்பது தெரியவில்லை.

குழந்தையும் தந்தையும் ஊசித் தொடரை முடித்து நலமாக இருக்கிறார்கள். வாடை போக, பலகைகளை மாற்றிய பிறகும் சில மாதம் ஆயிற்று.

அடுத்த ஆண்டு குட்டி போடும் காலத்துக்குச் சற்று முன், கீழ்தளத் தாழ்வாரக் கூரையின் ஓரத்தில் எச்சம் தெரிந்தது. குடும்பத்தினரே அதைக் கண்டுபிடித்து, மாலையில் எண்ணிப் பார்த்து, பத்துக்கும் குறைவு என்று சொன்னார்கள். குட்டி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அங்கே வலை கட்டினோம், சீக்கிரமே முடிந்தது. அதற்குச் சில வாரம் கழித்துப் பெட்டிக்குக் கீழே எச்சம் விழத் தொடங்கியது. ஏழெட்டு வௌவால்கள். அவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையா என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மருமகளுக்குப் பெட்டி பிடிக்கவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை.

## அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பெட்டியை வெளியேற்றத்துக்குச் சில வாரம் முன்பு மாட்டியது போதவில்லை. வௌவால்கள் அதைப் பார்த்துப் பழக ஒரு பருவமாவது முன்னதாக இருக்க வேண்டும். வெளியேற்றத்துக்கு அடுத்த ஆண்டுவரை அவசரமில்லாத வீடுகளில் இனி அப்படித்தான் செய்வோம்.

உள்தடுப்பை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்போம், எண்ணுவதற்கும் முன்னால். இந்த வீட்டில் அந்த வேலை தொடங்குவதற்குள் சில இரவுகள் கடந்துவிட்டன. அந்த இரவுகளில் ஒன்றும் நடக்காதது அதிர்ஷ்டம்தான்.

வலைக்குப் பக்கவாட்டில் பசை நாடா நம்பத்தக்கதல்ல. மரப்பட்டி வைத்து ஆணி அடிப்பதே நிற்கும். ஃபோம் தனியாக எங்கும் வேண்டாம். உலர்வதற்குள் இறக்கை ஒட்டிக்கொள்ளும் என்பதை இங்கே பார்த்தோம், உலர்ந்த பின் எலி கடித்துத் திறந்துவிடும்.

கூரை வேலைக்கு வரும் ஆட்களிடம், ஓடு மாற்றுவதற்கும் ஓரப் பலகை பூசுவதற்கும் முன் மாலை எண்ணிக்கை ஒன்று எடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் சொல்லிவைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை, குட்டி போடும் காலம் முடிந்து சில வாரங்களில், கூரை விளிம்பு முழுவதையும் சுற்றிப் பார்த்து எண்ணெய்க் கறையும் எச்சமும் தேடும்படி இந்தக் குடும்பத்திடம் சொல்லியிருக்கிறோம். அந்த நேரத்தில் இடுக்கு கண்டால் காத்திருக்க வேண்டியதில்லை, வலையைக் கட்டிவிடலாம்.